அப்பாவின் ஈறில் வளரும் கட்டி: புற்றுநோயா, கிருமித்தொற்றா?

குமரி மாவட்டத்தின் மலையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய அப்பாவுக்கு 56 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகையிலை சேர்த்து முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடும் பழக்கம் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் இடது கீழ்த்தாடையில் சொத்தையான கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தார்கள். பல் எடுத்த குழி சரியாக மூடவில்லை. அந்த இடத்தில் ஒருநாள் சாளை மீனின் முள் குத்தியதாக அவர் சொல்கிறார். பிறகு ஈறு தடித்து, இப்போது கொல்லாங்கொட்டை (முந்திரி) அளவுக்கு, மரக்கட்டை போல இறுகிய ஒரு கட்டி நிற்கிறது. தாடைக்குக் கீழே தோலில் ஒரு சிறு துளை விழுந்து, அதிலிருந்து அவ்வப்போது சீழ் கசிகிறது.

பக்கத்து ஊர்க் கிளினிக்கில் ஐந்து நாள் வீதம் மூன்று முறை மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வீக்கம் பாதியாகக் குறைந்து, இரண்டு வாரத்தில் திரும்பியது. அதன்பின் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ‘எலும்பு அரித்திருக்கிறது, புற்றுநோய் மாதிரி இருக்கிறது, தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரும்’ என்றார்களாம். அங்கேயே சிறு துண்டுச் சதை எடுத்துச் சோதித்ததில், ‘நாள்பட்ட அழற்சி, ஆக்டினோமைசிஸ் போன்ற கிருமித் திரள்கள், புற்றணுக்கள் காணப்படவில்லை, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று முடிவு வந்திருக்கிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இணையத்தில் தேடி, ‘இது பூஞ்சை’ என்று பூஞ்சைக்கான மாத்திரை கொடுத்திருக்கிறார். சித்தப்பா, ‘இனிக் கத்தி வைக்கவே கூடாது, வைத்தால் பரவிவிடும்’ என்கிறார். மாமியோ நேராகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அப்பாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. வீட்டிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாத்தாவின் தட்டிலிருந்து ஊட்டலாமா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது. ‘புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதே, இனி நிம்மதியாக இருக்கலாமா?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வாசிப்பில் என்னை நிறுத்தியது கட்டியின் அளவோ எக்ஸ்ரேயோ அல்ல. நான்காம் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான். ‘கீழுதட்டின் இடது ஓரம் மரத்த மாதிரி இருக்கிறது, காப்பி குடித்தால் வழிவது தெரியவில்லை என்று அப்பா ஒருநாள் சொன்னார்.’ கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு தாடை எலும்பின் உள்ளே ஒரு குழாய் வழியாக ஓடி வருகிறது. அந்தக் குழாய்வரை ஏதோ ஒன்று எட்டியிருந்தால் உதடு மரக்கும். அந்த ஏதோ ஒன்று புற்றாகவும் இருக்கலாம், எலும்புக்குள் புகுந்த சீழ்த்தொற்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், நிம்மதியாக இருந்துவிடக்கூடிய நிலை இது இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறேன்: உங்கள் அப்பாவுக்கு இருப்பது முழுமையாகக் குணமாகக்கூடிய கிருமித்தொற்றாக இருப்பதற்கும் நியாயமான வாய்ப்பு இருக்கிறது. இரண்டில் எது என்பதை நானோ, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னவரோ, மருந்துக்கடை உறவினரோ தீர்மானிக்க முடியாது. சரியான இடத்திலிருந்து, சரியான ஆழத்தில், போதிய அளவில் எடுத்த சதைதான் அதைச் சொல்ல முடியும். இதுவரை அப்படி ஒரு சதை எடுக்கப்படவில்லை என்பதே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிவது.

பெயரால் வந்த குழப்பம்

உறவினர் மேல் வருத்தப்பட வேண்டாம். ஆக்டினோமைசிஸ் என்ற அந்தப் பெயர் மருத்துவ மாணவர்களையே ஏமாற்றும். 1877ஆம் ஆண்டு ஜெர்மனியில், தாடை வீங்கிய மாடுகளின் கட்டிகளை ஆராய்ந்தபோது, நுண்ணோக்கியில் சூரியக் கதிர்கள் போல விரிந்து தெரிந்த இழைகளைப் பார்த்த ஹார்ஸ் என்பவர், அதைப் பூஞ்சை என்று எண்ணிக் ‘கதிர்ப்பூஞ்சை’ என்று பொருள்படும் ஆக்டினோமைசிஸ் என்ற பெயரை வைத்தார். அடுத்த ஆண்டே ஜேம்ஸ் இஸ்ரேல் என்ற அறுவை மருத்துவர் மனிதர்களிடம் இதே நோயை விவரித்தார். மனிதர்களுக்கு இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் கிருமி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னாளில் இது பூஞ்சை அல்ல, பாக்டீரியா என்று உறுதியாகிவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆகவே பூஞ்சைக்கான மாத்திரையால் இந்தக் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. சில சர்க்கரை மாத்திரைகளோடு சேரும்போது அந்த மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடும் என்பதால், அதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டு, மருத்துவர் எழுதியது இல்லையென்றால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. என் வாயிலும் உங்கள் வாயிலும், பல்லின் மேல் படியும் அழுக்கிலும், தொண்டைச் சதையின் மடிப்புகளிலும் அது சாதுவாகக் குடியிருக்கிறது. காற்று அதிகம் எட்டாத இடமே அதற்குப் பிடிக்கும். மேல்தோல் அறுந்து உள்ளே போக ஒரு வாசல் கிடைத்தால்தான் வம்பு: சொத்தைப்பல், பல் எடுத்த குழி, தாடை எலும்பு முறிவு, குத்திய முள். எனவே சாளை முள்ளைப் பற்றிய அப்பாவின் ஊகத்தைச் சிரித்து ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் மூடாத பல்குழி அதைவிடப் பெரிய வாசல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பு அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கும். உள்ளே புகுந்தபின் இது மெதுவாக, மாதக்கணக்கில், தசை எது எலும்பு எது என்ற வரம்பு பாராமல் பரவும். சுற்றிலும் நார்த்திசு இறுகி மரம் போலாகும். கடைசியில் தோலைத் துளைத்துச் சீழாக வெளியேறும். தொட்டால் கல், எக்ஸ்ரேயில் அரித்த எலும்பு, ஆறாத குழி. புற்றுநோயும் இதே மூன்று அடையாளங்களோடுதான் வருகிறது. உங்களைப் பயமுறுத்தியவரை நான் குறை சொல்லவில்லை. சதை முடிவு வருவதற்கு முன்பே தாடையை எடுப்பது பற்றிப் பேசியதைத்தான் சரி என்று சொல்ல முடியவில்லை.

ஈறில் வரும் எல்லாக் கட்டியும் இவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்பதையும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேர் அழுகிய பல்லின் பக்கத்தில் முகப்பரு போல எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பும் சீழ்க்கொப்புளம் மிகச் சாதாரணமானது. பல்லுக்கு வைத்தியம் செய்தால் அது போய்விடும். கர்ப்பிணிகளுக்கு ஈறில் சிவந்து, தொட்டவுடன் ரத்தம் கசியும் சதைவளர்ச்சி வருவதுண்டு. அதன் மருத்துவப் பெயரில் ‘சீழ்’ என்ற பொருள் இருந்தாலும் அதில் சீழும் கிடையாது, புற்றும் கிடையாது. காசநோய்கூட அரிதாக ஈறில் புண்ணாகவோ தடிப்பாகவோ தலைகாட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் தடிப்பையும் பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

‘புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்ற வரியை நீங்கள் ‘புற்றுநோய் இல்லை’ என்று படித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. அந்த வரி, கண்ணாடி வில்லையில் வைக்கப்பட்ட அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எடுத்த சதை மிளகு அளவுதான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மேற்பரப்பிலிருந்து எடுத்ததாகத் தெரிகிறது. ஈறுப் புற்றின் மேல்பகுதி அடிக்கடி அழுகியும் அழன்றும் இருக்கும். அங்கே கிள்ளினால் அழற்சிதான் கிடைக்கும். நோய் ஓரத்திலும் ஆழத்திலும் இருக்கும். மறுபுறம், நீண்டகாலத் தொற்றினால் மேல்தோல் தாறுமாறாகத் தடித்து, அதைச் சிறு துண்டாகப் பார்க்கும்போது புற்றைப் போலவே தோன்றுவதும் உண்டு. இரண்டு பக்கமும் வழுக்கல்.

அறிக்கையில் ஆக்டினோமைசிஸ் திரள்கள் தெரிந்தனவே என்று கேட்பீர்கள். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். இந்தக் கிருமி வாயின் நிரந்தரக் குடியாள் என்று சொன்னேன் அல்லவா? அது புற்றுப்புண்ணின் மேலும் வந்து படியும். அதனால் மேற்பரப்பில் அது தெரிந்தது, அதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆழமான திசுவுக்குள், சீழணுக்கள் சூழ, கிருமித் திரள் இருந்து, சுற்றிலும் எங்கும் புற்றணு இல்லை என்றால்தான் நோய் இதுதான் என்று துணிந்து சொல்லலாம். ‘நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று கடைசியில் எழுதிய நோய்க்குறியியல் மருத்துவர், தமக்கே முழு நிறைவு இல்லை என்பதைத் தம் மொழியில் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் எல்லோரும் தாண்டிப்போகும் வரி அது. எனக்கு அதுதான் முக்கியமான வரி.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் இதே வரியை நானும் தாண்டிப் போயிருக்கிறேன். ஈறு தடித்து வந்த ஒரு முதியவருக்கு முதல் சோதனையில் அழற்சி என்று வந்தது. எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. ஆறு வாரம் மாத்திரையோடு கடத்தினேன். இரண்டாம் முறை ஆழமாக எடுத்தபோது புற்று என்று வந்தது. அதற்கு எதிரான அனுபவமும் உண்டு. தாடையை எடுக்கத் தேதி குறித்துவிட்ட ஒரு பெண்மணியை அவருடைய மகன் கடைசி நேரத்தில் என்னிடம் அழைத்து வந்தார். தாடைக்குக் கீழிருந்த துளையை மெல்ல அழுத்தி, வந்த சீழை வெள்ளை காஸ் துணியில் பரப்பி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். சீழுக்கு நடுவே வெளிர்மஞ்சள் மணிகள் மூன்று, நான்கு. வறுக்காத ரவை அளவு. ஒன்றை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், கிளைவிட்ட இழைகள் கதிர்கதிராக நின்றன. ‘கந்தக மணி’ என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். நிறத்தால் வந்த பெயர், அதில் கந்தகம் கிடையாது. அவருக்கும் ஆழமாகச் சதை எடுத்துப் புற்று இல்லை என்று உறுதி செய்த பின்னரே மருந்தைத் தொடங்கினோம். தாடை தப்பியது. உங்கள் அப்பாவின் தலையணை உறையிலோ, துளையை மூடும் துணியிலோ இப்படி மஞ்சள் மணிகள் தென்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தென்பட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தென்படாவிட்டாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மாத்திரைக்குக் குறைந்ததே?

கிளினிக்கில் கொடுத்தவை அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் என்று அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். பல்வலி என்றால் நம் ஊரில் இந்த ஜோடியைக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். இவற்றில் மெட்ரோனிடசோல் மற்றப் பல்தொற்றுக் கிருமிகள் பலவற்றைக் கொல்லும். ஆனால் ஆக்டினோமைசிஸை அது தொடுவதே இல்லை. அமாக்சிசிலின் தொடும், அதனால்தான் வீக்கம் குறைந்திருக்கலாம். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த, நாரேறிய அந்தக் கட்டிக்குள் மருந்து மெதுவாகத்தான் ஊறும். ஐந்து நாள் என்பது கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவது போல. மிச்சமிருந்த கிருமி மறுபடி பெருகியது என்றால் உங்கள் அப்பாவின் கதை அச்சாகப் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதால் அதுதான் என்று ஆகிவிடாது. புற்றுக்கட்டியின் மேலும் சாதாரணக் கிருமிகள் ஏறி வீக்கத்தையும் வலியையும் கூட்டும். மாத்திரை போட்டால் அந்தக் கூடுதல் வீக்கம் இறங்கும், கட்டி நிற்கும். ‘மாத்திரைக்குக் குறைந்தது, அதனால் புற்று இல்லை’ என்ற இந்தக் கணக்கில்தான் பலருடைய மாதங்கள் போய்விடுகின்றன. நான்காம் முறையாக அதே மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மீண்டும் வீக்கம் குறைந்து நோய் மறைந்து நிற்கும். கல்ச்சர் எனும் கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமலும் போய்விடும். மூன்று வாரமாக அவர் ஆன்டிபயாடிக் எதுவும் போடவில்லை என்பதால், சதை எடுக்க இப்போது நல்ல நேரம். ஆனால் காய்ச்சலோ, வாய்க்கு அடியில் பரவும் வீக்கமோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமோ வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கத்தி வைத்தால் பரவுமா?

சித்தப்பாவின் பயம் அவர் ஒருவருடையதல்ல. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில்வரை வாரம் ஒருவராவது என்னிடம் இதைச் சொல்கிறார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. முற்றிய பின் வந்தவருக்குச் சதை எடுப்பார்கள், முடிவு வரும், நோய் தன் போக்கில் கூடும். வீட்டார் நினைவில் கத்தி வைத்த நாளும் நோய் கூடிய நாளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வாய்க்குள் இருக்கும் கட்டியின் ஓரத்திலிருந்து முறையாகச் சிறு துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் நாள் கடத்துவதால்தான் பரவுகிறது. சித்தப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய், மருத்துவரிடம் அவரையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் வாதாடி அவரை வெல்ல முடியாது.

எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதல் இயங்குகிறது. நம் மாவட்டத்து நோயாளிகள் பல ஆண்டுகளாக அங்கே போய் வருகிறார்கள். ஆனால் அங்கேயும் முதலில் கேட்கப்போவது சதைப் பரிசோதனை முடிவைத்தான். உதடு மரத்திருப்பதால் உங்களுக்கு இப்போது தேவை வேகம். அதனால் முதல் படியைப் பக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்கள் மலையோரப் பகுதிக்கு அருகிலேயே பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் இரண்டில் ஒன்றில் வாய் மற்றும் முக அறுவை மருத்துவரைப் பார்த்து, தாடைக்கு சி.டி. ஸ்கேனும் ஆழமான சதைப் பரிசோதனையும் கேளுங்கள். புற்று என்று முடிவு வந்தால் அன்றே திருவனந்தபுரத்துக்குப் புறப்படலாம். கட்டி வேகமாக வளர்கிறது என்று தோன்றினாலோ, இங்கே இரண்டு வாரத்துக்குள் சதை எடுக்க நாள் கிடைக்காது என்றாலோ, காத்திராமல் மாமி சொன்ன வழியில் போங்கள். அதில் தவறே இல்லை.

போகும்போது நீங்கள் கேட்க வேண்டியவை சில. எடுக்கும் சதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திசுப் பரிசோதனைக்கு, சதையைக் கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலினிலும், மற்றொன்றைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஃபார்மலின் படாமலும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் எதுவும் வளராது. மிகச் சின்ன விஷயம், ஆனால் அவசரத்தில் அடிக்கடி தவறிப்போவது. காற்றில்லாச் சூழலில் வளர்க்க வேண்டும், இரண்டு வாரமோ அதற்கு மேலோ வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வகத்துக்கு எழுதும் சீட்டிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கம்போலச் சில நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று மூடிவிடுவார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இந்தக் கிருமி வளராமல் போவதும் உண்டு என்பதால், கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்ற தாள் வந்தாலும் கலங்க வேண்டாம். திசுவே பெரிய சாட்சி. அதே சதையில் காசநோய்க்கான மரபணுச் சோதனையையும் சேர்த்துக் கேட்கலாம்.

பழைய மருத்துவமனையில் எக்ஸ்ரேயையும் வில்லையையும் தர மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை. அப்பாவின் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்; அநேகமாக அந்தத் தாளைப் பார்த்ததுமே கிடைத்துவிடும். அறிக்கையின் நகலோடு, கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக்கட்டியில் பதித்து வைத்திருக்கும் சதையையும் மறு ஆய்வுக்காகக் கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மாநில எல்லை தாண்டிய சிகிச்சைக்கு அட்டை உதவுமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிருமித்தொற்று என்று உறுதியானால், நல்ல செய்தியோடு ஒரு நீண்ட பொறுமையும் சேர்ந்தே வரும். எலும்புவரை போன நோய்க்கு வழக்கமாக இரண்டு முதல் ஆறு வாரம் பென்சிலின் வகை ஊசி, அதன்பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை மாத்திரை. ஈறோடு நின்ற லேசான நோய்க்குக் குறைவான காலமும் போதும். அதை மருத்துவர் முடிவு செய்வார். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன. செத்த எலும்புத்துண்டு இருந்தால் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் கத்திக்கு அதற்கு மேல் வேலை இருக்காது. பால்வெட்டு வேலையை மாதக்கணக்கில் விட முடியாதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நாளுக்கு ஒருமுறை மட்டும் போடும் ஊசியும் சிலருக்குப் பொருந்தும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் மாதத்திலேயே கட்டி காணாமல் போகலாம். ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். அப்போது நிறுத்தினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மாறாக, சரியான மருந்தைச் சரியான அளவில் தொடங்கிச் சில வாரங்களாகியும் கட்டி தெளிவாகக் குறையவில்லை என்றால், மறுபடி சதை எடுக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். இந்தக் காலம் முழுவதும் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால், மருந்தில் பாதி வீண்.

அப்பாவிடம் மறைப்பது

நீங்கள் மறைத்திருப்பது அன்பினால்தான். ஆனால் சதை எடுக்கவும் அறுவை செய்யவும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்; தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்குத்தான் முதலில். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். உதடு மரத்திருப்பதை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு பேசாமல் இருந்தவர், வீட்டில் எல்லோருடைய முகத்தையும் படித்துக்கொண்டுதான் இருப்பார். இன்னும் முடிவு தெரியாத நிலையில் ‘புற்று’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ‘இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம் அப்பா, எது என்று பார்க்கத்தான் போகிறோம்’ என்பது உண்மையும்கூட, அவரால் தாங்கக்கூடியதும்கூட. ஒரு வருடம் மாத்திரை விழுங்க வேண்டி வந்தால், காரணம் தெரிந்தவர்தான் விழுங்குவார்.

முறுக்கானைப் பற்றி அவரிடம் நீங்களே பேச வேண்டாம், மருத்துவர் வாயால் கேட்கட்டும். புகையிலை சேர்த்து மென்று, அதே இடது கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் இருபது வருடமாக இருந்திருக்கிறது. நோயின் பெயர் எதுவாக இருந்தாலும் அது நின்றாக வேண்டும். போகும் நாளன்று அவர் வாயை எவ்வளவு திறக்கிறார் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்: தன் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக நுழைக்க முடிந்தால் இயல்பு. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத்திரியால் கீழுதட்டின் இரு பக்கமும் மாறி மாறித் தொட்டு, எங்கே உணர்கிறார், எங்கே உணரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நான்காம் பக்கத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டாம்.

குழந்தையைப் பற்றி: ஆக்டினோமைசிஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் இல்லை. புற்றும் தொற்றாது. காசநோய் மட்டும் இருமும்போது காற்று வழியாகப் பரவும், தட்டின் வழியாக அல்ல; அப்பாவுக்கு நாள்பட்ட இருமல் இருந்தால் மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்து, காசநோய் இல்லை என்று தெரியும்வரை குழந்தையைச் சற்றுத் தள்ளியே வைத்திருங்கள். இருமல் இல்லையென்றால் தாத்தாவின் மடியிலிருந்து குழந்தையை இறக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கிழங்கும் மீனும் இல்லாமல் அப்பா சாப்பிடவே மாட்டார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மீன் கொடுங்கள், காரத்தைக் குறைத்து. கிழங்கைச் சர்க்கரைக்காகப் பாதியாக்குங்கள். சாளையாக இருந்தால் முள்ளை நீங்களே எடுத்துவிட்டு, வலப்பக்கமாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.